கர்ப்பமும் கர்மமும்

பிள்ளை பிறந்து பத்து நாளைக்குள் செத்துப்போனால், அதற்குக் காரணம் சொல்ல நமது நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஜோசியன் பாலாரிஷ்டம் என்பான். மந்திரக்காரன் பட்சி தோஷம் என்பான். புரோகிதர் பூர்வ ஜென்ம பாவம் என்பார். பக்கத்து வீட்டுக் கிழவி கண் திருஷ்டி என்பாள். மாமியார் மாத்திரம் சுற்றி வளைக்காமல், "இவள் வயிறு பிள்ளை தங்காத வயிறு" என்று பெற்றவள் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவாள். இத்தனை பேரில் ஒருவராவது, "அந்தக் குழந்தையின் உடம்புக்குள் என்ன நடந்தது?" என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் அடுத்த பிள்ளையாவது பிழைத்திருக்கக் கூடுமல்லவா?

இப்படி நாம் கேட்பதற்குக் காரணமிருக்கிறது. தாயின் கர்ப்பத்துக்குள் இருக்கும்போதே சிசுவுக்கு வைத்தியம் செய்யும் காலம் வந்துவிட்டது. பெற்றோர் வழியாய் வருகிற ஈரல் வியாதிகளை, பிள்ளை பிறக்குமுன்பே, நல்ல ஜீவ அணுக்களை உள்ளே செலுத்தித் தீர்க்க முடியுமா என்று மேல் நாட்டு விஞ்ஞானிகள் பல வருஷங்களாய் ஆராய்ந்து வருகிறார்கள். இந்தச் சங்கதி நமது வாசகர்களுக்குத் தெரியவேண்டியது அவசியம். ஏனெனில், இது வெறும் வைத்திய சாஸ்திர விஷயமல்ல. தலைவிதி என்கின்ற பெரிய புரட்டின் அஸ்திவாரத்தையே தோண்டுகிற விஷயமாகும்.

ஈரல் செய்யும் வேலை

மனித உடம்பில் ஈரல் என்பது ஒரு தொழிற்சாலை. நாம் தின்னும் பருப்பும், முட்டையும், மாமிசமும் உடம்பில் செலவாகும்போது அமோனியா என்னும் விஷம் உண்டாகிறது. அதை மாற்றிச் சிறுநீர் வழியாய் வெளியேற்றும்படி செய்வது ஈரல். இரத்த அணுக்கள் பழுதாகி அழியும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பித்தத்தோடு கலந்து வெளியே தள்ளுவதும் ஈரல். உணவில் வரும் தாமிரத்தில் மிஞ்சியதைக் கழிப்பதும் ஈரலே. இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஈரலின் ஜீவ அணுக்களுக்குள் ஒவ்வொரு என்ஸைம் அல்லது புரதம் உண்டு. அதைச் செய்யும் விதத்தை எழுதி வைத்திருப்பது ஜீன். ஒரு ஜீனில் பிழை இருந்தால் அந்த ஒரு வேலை நின்றுபோகும். மற்ற வேலைகள் யாவும் சரியாகவே நடக்கும்.

பிலிரூபினைக் கழிக்கும் என்ஸைம் இல்லாமல் பிறக்கும் வியாதிக்கு, அதை 1952-ம் வருஷத்தில் விவரித்த இரு டாக்டர்கள் பேரால் கிரிக்ளர்-நஜ்ஜார் என்று பெயர். அதன் கடுமையான வகை கண்ட குழந்தைகள் தினம் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நீல விளக்கின் கீழ் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடும். தாமிரம் தங்கிவிடும் வியாதியை 1912-ல் வில்ஸன் என்னும் டாக்டர் விவரித்தார். அது வாலிப வயதில் தலைகாட்டி, கை நடுக்கம், பேச்சுக் குழறல், புத்தி மாறாட்டம் எல்லாம் கொடுக்கும். நமது ஊர்களில் அந்தப் பையனுக்குப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறார்கள்! தாமிரத்தை வெளியேற்றும் பெனிஸில்லமீன் என்ற மருந்து 1956-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. மாத்திரைக்கு ஓடிப்போகிற பேய் என்ன பேயோ, நமக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மர்மம்

இந்த வியாதிகளில் சிலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். நன்றாய் அழும், பால் குடிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென்று சோர்ந்துபோகும், பால் மறுக்கும், வாந்தி எடுக்கும், இழுப்புக் காணும், செத்துப்போகும். "நேற்று வரையில் நன்றாய் இருந்த குழந்தை இன்று செத்ததே! யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சொல்லுவதற்கு இதைவிடச் சௌகரியமான சந்தர்ப்பம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் உண்மை என்ன? குழந்தை கர்ப்பத்தில் இருக்கும் வரையில் அதன் உடம்பிலுண்டாகும் விஷத்தை நஞ்சுக்கொடி வழியாய்த் தாயின் உடம்பு வாங்கிக்கொள்ளுகிறது. தாயின் ஈரலே இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. தொப்புள்கொடியை அறுத்தவுடன் அந்த உதவி நின்றுபோகிறது. அன்று முதல் குழந்தையின் ஈரல் தானே உழைக்கவேண்டும். அதனிடம் என்ஸைம் இல்லை. ஆகவே விஷம் ஏறுகிறது. ஆகவே மூன்றாம் நாள் இழுப்பு வருகிறது. கண்ணேறும் இல்லை, காற்றும் இல்லை, கருப்பும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். எந்தத் தாயின் வயிற்றைப் "பாழும் வயிறு" என்று ஏசுகிறார்களோ, அந்த வயிறுதான் ஒன்பது மாத காலம் அந்தக் குழந்தையை உயிரோடு காப்பாற்றிக் கொடுத்தது. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் பழி சொல்லுகிறவர்களை என்னவென்று சொல்லுவது?

யார் குற்றம்?

ஆஸ்திரியா தேசத்து ஆட்சியிலிருந்த புரூன் நகரத்து மடத்தில் மெண்டல் என்று ஒரு சாமியார் இருந்தார். சாமியாராய் இருந்தும் ஜபமாலையை உருட்டிக்கொண்டிராமல் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, நெட்டை எத்தனை, குட்டை எத்தனை என்று வருஷக்கணக்காய் எண்ணினார். 1866-ல் அந்தக் கணக்கை அச்சிட்டார். 1900 வரையில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. இன்றைக்குப் பரம்பரை வியாதிகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கணக்கின் மேல் கட்டியதுதான்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒன்று பிழையாயிருந்தாலும் மற்றொன்று வேலையைச் சமாளித்துக் கொள்ளும். ஆகவே பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இருவரிடமும் ஒரே பிழை இருந்து, இரண்டு பிழைப் பிரதியும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் வியாதி. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வியாதி வரும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலான ஈரல் பரம்பரை வியாதிகள் இந்த வகைதான். தாய் பாதி, தகப்பன் பாதி. அப்படியிருக்க மருமகளைத் தள்ளிவைத்துவிட்டு மகனுக்கு மறு கல்யாணம் செய்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? அமோனியா ஏறும் வியாதியில் ஒரு வகை தாய்வழியாய் ஆண் பிள்ளைக்கு வருவதுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் மாத்திரம் அவள் குற்றவாளி ஆகிவிடுவாளா? மூக்கு நீளமாய் இருப்பது எப்படி அவள் குற்றமில்லையோ, அப்படியேதான் இதுவும்.

நாலில் ஒன்று என்ற இந்தக் கணக்குக்குச் சாதி தெரியாது, கோத்திரம் தெரியாது, கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை தெரியாது. சந்தியாவந்தனம் செய்கிறவர் வீட்டிலும் நாலில் ஒன்று, செய்யாதவர் வீட்டிலும் நாலில் ஒன்று. பூர்வ ஜென்ம பாவத்துக்குத் தண்டனையாய் வியாதி வருகிறதென்றால், அந்தப் பாவிகள் எல்லோரும் ஒரே பிழையுள்ள தம்பதிகளாய்ப் பார்த்து, அதிலும் நாலுக்கு ஒருவர் வீதம் கணக்குத் தப்பாமல் வந்து பிறக்கிறார்களா? சித்திரகுப்தன் மெண்டலின் தோட்டத்தில் கணக்குப் படித்தவனா?

இன்னொன்று கேட்கிறோம். டைரோஸின் என்ற பொருளைக் கழிக்க முடியாமல் ஈரல் கெட்டு, சிறு வயதிலேயே குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த ஒரு வியாதிக்கு 1992-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து டாக்டர்கள் நிடிஸினோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அது களைக்கொல்லி ஆராய்ச்சியில் கிடைத்த சரக்கு! வயலில் களையைக் கொல்லத் தேடிய மருந்து, குழந்தையின் தலையெழுத்தை அழித்துவிட்டது. பிரம்மா எழுதிய எழுத்து களைக்கொல்லிக்கு அழிகிறதென்றால், அந்த எழுத்துக்கு இத்தனை வருஷமாய்ப் பயந்து நடந்தவர்கள் வெட்கப்பட வேண்டாமா?

உறவுக்குள் கல்யாணம்

இதைச் சொல்லும்போது நம்மவர்களின் பழக்கம் ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் கட்டுவது நமது நாட்டில் உரிமையாகவும் பெருமையாகவும் கருதப்படுகிறது. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 28 கல்யாணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பிழை இரண்டு பக்கமாயும் இறங்கி வந்து ஒரு பிள்ளையிடம் சேருவதற்கு இது நல்ல வழி. எல்லா உறவுக் கல்யாணத்திலும் வியாதி வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அனேகருக்கு ஒன்றும் வராது. ஆனால் அபாயம் கூடுகிறது என்பது நிச்சயம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அக்காள் மகளைக் கட்டியவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, இரண்டு ஒரே மாதிரியாய் மஞ்சள் கண்டு இறந்தன. அவர்கள் பத்துப் பொருத்தமும் பார்த்தே கல்யாணம் செய்தவர்கள். ரஜ்ஜுப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இரத்தப் பொருத்தத்தைப் பார்க்கவில்லை. சொத்து வெளியே போகாமலிருக்க வேண்டுமென்று பார்த்தார்கள். பிள்ளைதான் வெளியே போயிற்று.

மாடும் எலியும் சொன்ன சங்கதி

நிற்க, கர்ப்பத்தில் ஜீவ அணுக்களைச் செலுத்தும் யோசனை எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். ஒருவர் உடம்பின் அணுவை மற்றொருவர் உடம்பில் வைத்தால், அந்த உடம்பு அதை அந்நியன் என்று கண்டு தாக்கி அழிக்கும். இதனால்தான் மாற்று ஈரல் வைத்துக்கொண்டவர்கள் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தின்னவேண்டி இருக்கிறது.

1945-ல் அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். ஒரே முகமில்லாத இரட்டைக் கன்றுகளிலும் ஒன்றின் இரத்த அணு மற்றொன்றின் உடம்பில் சுகமாய்க் குடியிருப்பதைக் கண்டார். தாய் வயிற்றில் நஞ்சுக்கொடி இரத்தம் ஒன்றாய்க் கலந்ததால், கன்றுகள் ஒன்றையொன்று அந்நியமென்று கருதவே கற்றுக்கொள்ளவில்லை. 1953-ல் இங்கிலாந்தில் மெதவர், பில்லிங்ஹாம், பிரெண்ட் என்னும் மூவர், பிறவாத எலிக்குட்டிகளுக்குள் வேறு ஜாதி எலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். அவை வளர்ந்த பிறகு அந்த ஜாதி எலியின் தோலை ஒட்டினால் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. மெதவருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜாதி வித்தியாசம் பிறந்த பிறகு கற்பிக்கப்படுவதே என்பதை எலிகூட நிரூபித்துவிட்டது என்று நாம் வேடிக்கையாய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

1963-ல் நியூஸிலாந்தில் ஆக்லந்து நகரத்து டாக்டர் லைலி, கர்ப்பத்துக்குள்ளேயே இரத்தம் அழிந்து சாகும் தறுவாயிலிருந்த சிசுவின் வயிற்றுக்குள் ஊசிமூலம் இரத்தம் செலுத்திப் பிழைக்க வைத்தார். 1988-ல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் டாக்டர் தூரேன், நோய் எதிர்க்கும் சக்தியில்லாத ஒரு சிசுவுக்குக் கர்ப்பத்திலேயே கருவின் ஈரலிலிருந்து எடுத்த மூல அணுக்களைச் செலுத்தினார். 1996-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃபிளேக்கும் அவர் கூட்டத்தாரும், அதே தன்மையுள்ள வேறொரு வியாதிக்குத் தகப்பனின் எலும்பு மஜ்ஜை அணுக்களைச் சிசுவுக்குக் கொடுத்து வெற்றி கண்டதை வெளியிட்டார்கள். 2018-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில், ஆல்பா தலசீமியா என்னும் இரத்த வியாதியுள்ள ஒரு சிசு, கர்ப்பத்திலேயே தாயின் மஜ்ஜை அணுக்களைப் பெற்றுக்கொண்டு உயிரோடு பிறந்தது. போம்பே என்ற பரம்பரை வியாதிக்கு, கர்ப்பத்திலிருந்த சிசுவின் தொப்புள் இரத்தக் குழாய் வழியாய் 6 முறை என்ஸைம் கொடுத்து நல்ல பலன் கண்டதைக் கானடா, அமெரிக்கா டாக்டர்கள் 2022-ல் வெளியிட்டார்கள்.

ஈரல் வியாதிக்கு இந்த முறை ஏன் பொருத்தம் என்றால், காரணம் தெளிவாகவே இருக்கிறது. சிசுவின் உடம்பு அந்நியனை எதிர்க்க இன்னும் பழகவில்லை. மூன்று மாதக் கரு உள்ளங்கையில் அடங்கும். ஆகவே கொஞ்சம் அணுக்களே அதற்குப் பெரிய மருந்து. 1998-ல் கிரிக்ளர்-நஜ்ஜார் வியாதியுள்ள 10 வயதுப் பெண் ஒருத்திக்கு 750 கோடி ஈரல் அணுக்களைச் செலுத்தியும் வியாதி ஓரளவே குறைந்தது. விளக்கின் கீழ் படுக்கும் நேரம் குறைந்ததே தவிர, விளக்கு ஒழியவில்லை. கருவிலோ ஈரல் வேகமாய் வளர்ந்துகொண்டிருக்கிறது. இடம் கொடுத்தால் புது அணுக்களும் அதோடு வளரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூளை கெடுவதற்கு முன்பே வைத்தியம் முடிந்துவிடும்.

இன்னும் ஆகாதது

பகுத்தறிவுக்காரர்கள் ஆனதைச் சொல்லி ஆகாததை மறைக்கக்கூடாது. ஈரல் வியாதிக்காக மனிதக் கருவில் அணுக்களைச் செலுத்துவது இன்னும் ஆஸ்பத்திரி வழக்கத்துக்கு வரவில்லை. எலிகளிலும் ஆடுகளிலும் ஆராய்ச்சி அளவில்தான் நிற்கிறது. செலுத்திய அணுக்களில் மிகக் கொஞ்சமே தங்குகின்றன. சிசுவின் சொந்த அணுக்கள் நல்ல பலமாய் இருப்பதால் புதியவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. டைரோஸின் வியாதியைப் போல, வியாதியுள்ள அணுக்கள் தாமே அழிந்து இடம் விடுகிற வியாதிகளில்தான் நம்பிக்கை அதிகம். சிசு அந்நிய அணுவை ஏற்றுக்கொண்டாலும் தாயின் உடம்பு எதிர்க்கிறது என்பதை எலிகளில் 2009-லும் 2011-லும் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் தாயின் அணுவையே கொடுக்கும் யோசனை வந்தது. ஊசி போடுவதில் கர்ப்பம் கலையும் அபாயமும் உண்டு.

வேறு வழியும் திறக்கிறது. 2018-ல் பிலடெல்பியா விஞ்ஞானிகள், பிறவாத எலிக்குட்டிகளின் ஈரலிலேயே ஜீன் எழுத்தைத் திருத்தி, டைரோஸின் வியாதியால் சாகாமல் காப்பாற்றினார்கள். 2025-ல் அதே நகரத்தில், பிறந்த சில நாளில் அமோனியா ஏறிய ஒரு குழந்தைக்கு, அதன் ஒரு பிழைக்கென்றே தனியாக மருந்து செய்து, பிறந்த பிறகு ஈரலின் ஜீனைத் திருத்தும் வைத்தியம் செய்தார்கள். பிரம்மா எழுதியதை மனிதன் அடித்துத் திருத்துகிறான் என்றால் இதுதான்.

கருவில் கை வைக்கலாமா?

"கடவுள் சிருஷ்டியில் மனிதன் கை வைக்கலாமா? கர்ப்பம் தெய்வ ரகசியமல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் யார்? கர்ப்பமுண்டான மூன்றாம் மாதம் பும்ஸவனம் என்ற சடங்கு செய்து, ஆலந்தளிர்ச் சாற்றைக் கர்ப்பிணியின் மூக்கில் பிழிந்து, வயிற்றிலுள்ளது ஆணாய்ப் பிறக்க மந்திரம் சொல்லுகிற கூட்டத்தாரல்லவா? பெண்ணை ஆணாக்கக் கருவில் கை வைக்கலாம், செத்துப்போகிற பிள்ளையைப் பிழைக்க வைக்க மாத்திரம் கை வைக்கக்கூடாதா? தட்சிணை வாங்கிக்கொண்டு கை வைத்தால் சாஸ்திரம், ஊசியோடு கை வைத்தால் நாஸ்திகமா?

மேல்நாட்டு மதக்காரர்களும் இதில் இளைத்தவர்கள் அல்லர். கலைந்த கருவின் அணுக்களை எடுத்து வைத்தியத்துக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கு 1988 முதல் 1993 வரை அமெரிக்க மத்திய சர்க்கார் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. மண்ணுக்குப் போகிறதைக் கொண்டு ஒரு பிள்ளையைக் காப்பாற்றலாகாது என்பது என்ன கருணையோ! இதில் கவனிக்கவேண்டிய நியாயம் ஒன்றே. அந்தக் கருவைச் சுமந்தவளின் மனமொப்பிய சம்மதம் வேண்டும். அவளை யாரும் கட்டாயப்படுத்தவோ விலை பேசவோ கூடாது. அதேபோலக் கர்ப்பத்தில் ஊசி போடுவதா வேண்டாமா என்பதும் அவள் தீர்மானம். அவள் உடம்பில் குத்துகிற ஊசிக்குப் புருஷனும் மாமியாரும் உத்தரவு கொடுக்க முடியாது.

புராணத்திலேயே இருக்கிறதாம்!

இன்னொரு கூட்டத்தார் வேறு தந்திரம் செய்கிறார்கள். ஒன்றை எதிர்க்க முடியாவிட்டால், அது எங்கள் வீட்டுச் சொத்து என்பார்கள். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரஸில், ஆந்திரா பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர், நூறு கௌரவர்கள் பிறந்தது மூல அணு வித்தையாலும் குழாய்க் குழந்தை முறையாலுமே என்று பேசினார். சோதிடர் மாநாட்டில் பேசியிருந்தால் நாம் சும்மா இருப்போம். விஞ்ஞான மாநாட்டில் பேசினார்!

சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். காந்தாரி பெற்ற மாமிசப் பிண்டத்தைத் துண்டு செய்து நெய்க் குடத்தில் வைத்தார்களாம். எத்தனை சூட்டில் வைத்தார்கள்? எத்தனை குடம் கெட்டுப்போயிற்று? திரும்ப யாராவது செய்து பார்த்தார்களா? நூறு பிள்ளைகளை உண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, காந்தாரியின் புருஷனுக்கிருந்த பிறவிக் குருட்டைத் தீர்க்கத் தெரியவில்லையே, ஏன்? விஞ்ஞானிகள் 750 கோடி அணு செலுத்தினோம், வியாதி முழுவதும் தீரவில்லை என்று தங்கள் தோல்வியையும் அச்சுப்போட்டுச் சொல்லுகிறார்கள். புராணத்தில் தோல்விக் கணக்கு எங்கே இருக்கிறது? தோல்வி எழுதாத இடத்தில் சோதனை நடக்கவில்லை என்று அர்த்தம்.

காமாலைக்கு மந்திரிக்கிறவன் வித்தையும் இப்படியே. கையில் மாம்பட்டைச் சாற்றைத் தடவிக்கொண்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் மஞ்சளாகும். வியாதி இறங்கிவிட்டதென்று காசு வாங்குவான். பெரியவர்களுக்கு வரும் தொத்துக் காமாலை அனேகமாய்ச் சில வாரத்தில் தானே தீருகிறதனால் அவனுக்குப் பேர் கிடைக்கிறது. அதே ஆளிடம் பிறவி ஈரல் வியாதியுள்ள குழந்தையைக் கொண்டுபோனால் தண்ணீர் மஞ்சளாகும், குழந்தையும் மஞ்சளாகவே சாகும்.

புதிய புரோகிதர்கள்

பழைய புரோகிதரை விட்டுப் புதிய புரோகிதரிடம் சிக்கிக்கொள்ளக்கூடாது. ஸ்டெம் செல் என்கின்ற மூல அணுவால் சகல வியாதியும் தீருமென்று விளம்பரம் செய்து, வீடு வாசலை விற்க வைக்கும் வியாபாரிகள் கிளம்பியிருக்கிறார்கள். இரத்த சம்பந்தமான சில வியாதிகளுக்குத் தவிர, மற்றவற்றுக்கு இந்த அணு வைத்தியத்தை முறையான சோதனைக்கு வெளியே நடத்தக்கூடாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ம் வருஷத்து விதிகளில் சொல்லியிருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பொய் சொன்னாலும் பொய் பொய்தான். "எத்தனை பேருக்குச் செய்தாய்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? எங்கே எழுதி வெளியிட்டாய்?" என்ற மூன்று கேள்வியை மந்திரக்காரனிடமும் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். பதில் சொல்லுகிறவன் டாக்டர். கோபித்துக் கொள்ளுகிறவன் மந்திரக்காரன்.

நாம் செய்யவேண்டியது

தோழர்களே! கர்ப்பத்தில் அணு செலுத்தும் வைத்தியம் நமது ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இன்னும் காலம் ஆகலாம். ஆனால் அதற்குக் காத்திராமல் இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன.

பிறந்த குழந்தைக்கு 14 நாளைக்கு மேலும் மஞ்சள் மாறாவிட்டாலும், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தாலும், நன்றாய் இருந்த பச்சைக் குழந்தை திடீரென்று பால் மறுத்துச் சோர்ந்தாலும், ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். தாயத்துக் கட்டவும், வயிற்றில் சூடு போடவும் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீல விளக்கு வைத்தியம்கூட யாரோ ரிஷி கொடுத்ததல்ல. வெயில்பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதை 1956-ல் இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நர்ஸ் கண்டு சொன்னதிலிருந்து வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தவளால் வந்த வைத்தியம் அது.

ஒரு பிள்ளை இப்படி இறந்துபோனால் காரணம் இன்னதென்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் மூன்று, நாலு மாதத்திலேயே சோதனை செய்துகொள்ளலாம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான் 1994-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. வியாதி இருக்கிறதா என்று பார்ப்பதை அல்ல. நெருங்கிய உறவில் பெண் கொடுத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் பயந்து சாகவேண்டாம், டாக்டரிடம் சொல்லி யோசனை கேளுங்கள்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் காகிதத்தில் உலர்த்திப் பரம்பரை வியாதியைக் கண்டுபிடிக்கும் சோதனையை, அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணம் 1963-லேயே சட்டமாக்கிவிட்டது. அதை நமது நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக் குழந்தைக்கும் இலவசமாய்ச் செய்யவேண்டுமென்று கேளுங்கள். கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கிற ஊர், ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்க்க வழியில்லை என்று சொல்லலாமா? இல்லாவிட்டால், நாளைக்குக் கர்ப்ப வைத்தியம் வந்தாலும் அது பணக்காரன் பிள்ளைக்கு மாத்திரம் வரும். ஏழையின் பிள்ளைக்குப் பழையபடி தலைவிதிதான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உங்கள் வீட்டிலோ, தெருவிலோ இருப்பாள். "நீ செய்த பாவம்" என்று அவளிடம் யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்தி, "அவள் செய்தது பாவமல்ல; அவள் வயிற்றிலிருந்தவரையில் அந்தக் குழந்தை பிழைத்திருந்தது" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்லுவதற்கு எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.